மொபைல் பிராசசரின் விவரப் பட்டியலைப் படிப்பது எப்படி? திருநெல்வேலி வெயிலில் போன் வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

வண்ணார்பேட்டையில் ஒரு செல்போன் கடை. கல்லிடைக்குறிச்சியிலிருந்து மைனி வந்திருந்தார். அவருக்கு அப்பளத் தொழில். ஆர்டரெல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. பணம் வந்துவிட்டதா என்று பார்ப்பது, அப்பளக் கட்டைப் படம் பிடித்து அனுப்புவது, ராத்திரி பையன் பாடம் கேட்பது என்று எல்லாமே ஒரே போனில். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். மைனி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, ரெண்டுலயும் எட்டு கோர்னு போட்டிருக்கு. இதுல 2.3, அதுல 2.2. அப்போ இதுதான வேகம்?"

நியாயமான கேள்வி. பெட்டியில் அச்சடித்திருக்கும் கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. ஆனால் உண்மையில் 2.2 என்று போட்டிருந்த போன்தான், ஒரு கோரின் வேகத்தை அளக்கும் சோதனைகளில் மற்றதைவிட மூன்று மடங்குக்கு மேல் மதிப்பெண் வாங்கும். 2.3 போனுக்குள் இருந்தது ஹீலியோ ஜி35. 2.2 போனுக்குள் இருந்தது ஹீலியோ ஜி99. இரண்டும் மீடியாடெக் நிறுவனத்தின் சிப்கள், இரண்டிலும் எட்டு கோர்கள், அதாவது கணக்குப் போடும் எட்டுத் தனிப் பகுதிகள்.

ஏன் அப்படி என்று கடையில் நின்றபடி பத்து நிமிடம் சொன்னேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ஒரு பிராசசரின் விவரங்களை நான் எந்த வரிசையில் படிப்பேனோ அதே வரிசையில் படிகளாகத் தருகிறேன். எல்லாப் படிகளுக்கும் ஒரே எடை கிடையாது. கோர், தயாரிப்பு முறை, சூடு ஆகிய மூன்றையும் நிதானமாகப் படியுங்கள். மற்றவற்றை வேகமாகக் கடந்தாலும் பாதகமில்லை.

படி 1: சிப்பின் முழுப் பெயரைக் கண்டுபிடியுங்கள்

"ஆக்டா கோர் பிராசசர்" என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளும் பெட்டிகள் உண்டு. அது போதாது. ஸ்னாப்டிராகன், டைமென்சிட்டி, ஹீலியோ, எக்ஸினோஸ், யூனிசாக் என்று குடும்பப் பெயரும், அதற்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் முழுசாக வேண்டும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் போன் என்றால் செட்டிங்ஸில் "போனைப் பற்றி" என்ற பகுதியில் பெரும்பாலும் இருக்கும். ஏற்கெனவே கையில் இருக்கும் போன் என்றால் சிபியு-இசட், டெவ்செக் போன்ற இலவசச் செயலிகள் சிப்பின் பெயரையும் ஒவ்வொரு கோரின் வகையையும் காட்டிவிடும்.

பெயரில் இரண்டு குழிகள் உண்டு. முதலாவது, பழைய சிப்புக்குப் புதுப் பெயர். டைமென்சிட்டி 6020 என்று 2023-ல் வந்த சிப், 2020-ல் அறிவிக்கப்பட்ட டைமென்சிட்டி 700-ன் மறுபெயர். டைமென்சிட்டி 7050-ம் அப்படித்தான், டைமென்சிட்டி 1080-தான் அது. சிப் மோசம் என்று சொல்ல வரவில்லை. புதுசு என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது, ஒற்றை எழுத்து. ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 வேறு, 8எஸ் ஜென் 3 வேறு. அந்த 'எஸ்' இருந்தால் அது ஒரு படி கீழே உள்ள சிப். கடையில் வாயால் சொல்லும்போது அந்த எழுத்து காணாமல் போய்விடும். எழுத்தில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

படி 2: சிப் என்பது பிராசசர் மட்டும் இல்லை

நாம் பிராசசர் என்று சொல்வது ஒரு முழு ஊர். கணக்குப் போடும் சிபியு, படம் வரையும் ஜிபியு, டவரோடு பேசும் மோடம், கேமரா எடுத்ததைப் படமாக்கும் ஐஎஸ்பி, செயற்கை நுண்ணறிவு வேலைக்கான என்பியு, வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் தனிப் பகுதி, ரேமோடு பேசும் பகுதி எல்லாம் ஒரே சிலிக்கான் துண்டில் இருக்கின்றன. பெருவிரல் நகம் அளவுதான் அந்தத் துண்டு. 2023-ல் வந்த ஆப்பிளின் ஏ17 ப்ரோ சிப்பில் 1,900 கோடி டிரான்சிஸ்டர்கள், அதாவது மின்சாரத்தைத் திறந்து மூடும் நுண் சுவிட்சுகள் இருக்கின்றன.

ஆண்ட்ராய்டோ ஐபோனோ, இன்றைய போன்களின் சிபியு பேசுவது ஆர்ம் என்ற கட்டளை மொழியை. அது பிறந்தது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஏகார்ன் என்ற நிறுவனத்தில். சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் வடிவமைத்த முதல் சிப் 1985 ஏப்ரலில் ஓடியது. அதைச் சோதித்தபோது மின்சார அளவி பூஜ்யம் காட்டியதாம். பார்த்தால் சிப்புக்கு மின்சாரம் தரும் இணைப்பே கொடுத்திருக்கவில்லை. மற்ற கம்பிகள் வழியே கசிந்து வந்த துளி மின்சாரத்திலேயே அது வேலை செய்துகொண்டிருந்தது. நாற்பது ஆண்டு கழித்து நம் சட்டைப் பையில் ஆர்ம் இருப்பதற்கு அந்தச் சிக்கனம்தான் காரணம். இதைப் படித்த நாளில் எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் போகவில்லை.

படி 3: எத்தனை கோர் என்று கேட்காதீர்கள், எந்த கோர் என்று கேளுங்கள்

மைனியின் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

2.3 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 230 கோடி துடிப்புகள். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. ஜி35-ல் இருக்கும் எட்டுமே கார்டெக்ஸ்-ஏ53 கோர்கள். ஆர்ம் நிறுவனம் அந்தக் கோரை 2012-ல் அறிவித்தது. ஜி99-ல் இரண்டு கார்டெக்ஸ்-ஏ76 கோர்களும் ஆறு கார்டெக்ஸ்-ஏ55 கோர்களும் இருக்கின்றன. ஏ76 என்பது 2018-ல் வந்த பெரிய கோர்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நெல்லை டவுனில் சாயங்கால நேரத்து அல்வாக் கடையை வைத்துச் சொல்கிறேன். கூட்டம் வரிசையில் நிற்கிறது. முதல் ஆள் கால் கிலோ கேட்டுவிட்டுப் பையில் சில்லறை தேடுகிறார். அவர் தேடி முடிக்கும்வரை அடுத்தவருக்குப் பொட்டலம் கட்டாமல் காத்திருப்பவர் ஏ53. வரிசை மாறாமல்தான் அவருக்கு வேலை ஓடும், அதிகபட்சம் ஒரே நேரத்தில் இரண்டு பேரைக் கவனிப்பார். ஏ76 அப்படி இல்லை. "நீங்க தேடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, பின்னால் காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்குக் கட்டிக் கொடுத்துக்கொண்டே இருப்பார், அதுவும் நாலு நாலு பேராக. இருவரின் கையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் அசைகிறது. ஒரு மணி நேரத்தில் போன பொட்டலம்தான் வேறு.

அந்தச் 'சில்லறை தேடும்' நேரம் சாதாரணமானதும் இல்லை. கோருக்கு வேண்டிய தகவல் பக்கத்திலேயே இருக்கும் கேஷ் என்ற சிறு சேமிப்பில் இல்லாமல் ரேமிலிருந்து வரவேண்டும் என்றால் சுமார் 100 நானோ நொடி ஆகும். 2.2 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது 220 துடிப்புகள். அவ்வளவு நேரமும் சும்மா நிற்கிறதா, வேறு வேலை பார்க்கிறதா என்பதில்தான் கோரின் தரம் இருக்கிறது. விவரப் பட்டியலில் கேஷின் அளவு கொடுத்திருந்தால் அதிகமாக இருப்பதை எடுங்கள்.

ஆர்ம் கோர்களின் பெயரைப் பார்த்தவுடன் தரம் பிரிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஏ53, ஏ55, ஏ510, ஏ520 என்று ஐந்தில் தொடங்குபவை சிறியவை, மின்சாரச் சிக்கனத்துக்கானவை. ஏ73, ஏ76, ஏ78, ஏ710, ஏ720 என்று ஏழில் தொடங்குபவை வேலைக்கானவை. எக்ஸ்1 முதல் எக்ஸ்4 வரையும் அதற்குப் பிறகு வந்த எக்ஸ்925-ம் மிகப் பெரியவை. ஆக நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஏழு வரிசைக் கோர்கள் குறைந்தபட்சம் இரண்டு இருக்கின்றனவா? எட்டும் ஐந்து வரிசை என்றால் இன்றைய செயலிகளுக்கு அந்த போன் திணறும். ஸ்னாப்டிராகன் சிப்களைத் தரும் குவால்காம் நிறுவனம் சிலவற்றில் கோருக்கு க்ரையோ என்று தன் பெயரைப் போட்டுக்கொள்ளும். பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது ஆர்ம் கோர்தான். ஸ்னாப்டிராகன் 695-ல் இருப்பது ஏ78-ம் ஏ55-ம். 2024-ல் வந்த ஸ்னாப்டிராகன் 8 எலீட்டில்தான் ஓரியான் என்ற சொந்தக் கோரைப் போனுக்குக் கொண்டுவந்தார்கள். ஆப்பிளும் சொந்தக் கோர்தான். அதில் மொத்தமே ஆறு, இரண்டு பெரிது, நாலு சிறிது. வேகத்தில் எட்டுக் கோர் போன்கள் பலவற்றை அது முந்திவிடும்.

எல்லாவற்றையும் பெரிய கோராகவே வைத்தால் என்ன என்று மைனியின் பையன் கேட்டான். ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் தேரை இழுக்க ஆயிரக்கணக்கில் கைகள் வேண்டும். மறுநாள் காலைப் பூசைக்குத் தீர்த்தக் குடம் தூக்க ஒரு ஆள் போதும். போன் நாளில் பெரும்பகுதி குடம் தூக்கும் வேலைதான் செய்கிறது: செய்தி வந்ததா என்று பார்ப்பது, பாட்டு ஓட விடுவது, நேரம் காட்டுவது. அதற்குச் சிறிய கோர். செயலியைத் திறக்கும் அந்த ஒரு நொடிக்குப் பெரிய கோர். ஆர்ம் நிறுவனம் 2011-ல் பெரிது-சிறிது என்று இரண்டையும் ஒரே சிப்பில் சேர்க்கும் முறையை அறிவித்தது இதற்காகத்தான். 2023-ல் மீடியாடெக், டைமென்சிட்டி 9300-ல் சிறிய கோரே இல்லாமல் நாலு எக்ஸ்4-ம் நாலு ஏ720-ம் வைத்துப் பார்த்தது. அது விலை உயர்ந்த போன்களுக்கான சிப். நம் பட்ஜெட்டில் இரண்டு பெரிது, ஆறு சிறிது என்ற சேர்க்கைதான் அதிகம் கிடைக்கும், அதில் குறையும் இல்லை.

படி 4: நானோமீட்டரும் பத்தமடைப் பாயும்

ஜி35 செய்யப்பட்டது 12 நானோமீட்டர் தயாரிப்பு முறையில் (நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு). ஜி99, 6 நானோமீட்டரில். எண் சிறிதாகச் சிறிதாக ஒரே இடத்தில் அதிக டிரான்சிஸ்டர் பிடிக்கும், ஒவ்வொன்றும் குறைவான மின்சாரத்தில் ஓடும். அதனால் பொதுவாகச் சிறிய எண் நல்லது. இதுவரை எல்லோரும் சொல்வதுதான்.

இதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில் பத்தமடை. அங்கே தாமிரபரணிக் கரைக் கோரையைக் கிழித்து நெய்யும் பட்டுப் பாயை 100 கவுண்ட், 120 கவுண்ட் என்று சொல்லி விற்பார்கள். கவுண்ட் கூடினால் இழை நெருக்கம், மடித்தால் துணி மாதிரி மடியும். ஆனால் ஒரே கவுண்ட் சொன்ன இரண்டு பாய்கள் ஒரே மாதிரி இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. எந்தக் கை நெய்தது, கோரையை எவ்வளவு ஊறவைத்தார்கள் என்பதும் உண்டு. பாய்க்கு இருக்கும் கவுண்ட்டாவது எண்ணிப் பார்க்கக்கூடியது. நானோமீட்டர் எண்ணோ இப்போது வெறும் தலைமுறைப் பெயர். 5 நானோமீட்டர் என்று அழைக்கப்படும் முறையில் அடுத்தடுத்த இரண்டு டிரான்சிஸ்டர் வாயில்களுக்கு நடுவே உள்ள தூரமே ஏறத்தாழ 50 நானோமீட்டர். சிப்பில் 5 நானோமீட்டர் அளவுள்ள பொருள் இதுதான் என்று காட்ட முடியாது.

அதனால் எண்ணோடு, நெய்த கை யாருடையது என்றும் கேட்க வேண்டும். தைவானின் டிஎஸ்எம்சி, கொரியாவின் சாம்சங் இரண்டும்தான் போன் சிப்களை அதிகம் செய்து தருபவை. மீடியாடெக்குக்கும் குவால்காமுக்கும் ஆப்பிளுக்கும் சொந்தச் சிப் ஆலை கிடையாது. வடிவத்தை அவர்கள் தருவார்கள், செய்வது இவர்கள்.

இதற்கு நல்ல சாட்சி ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1. 2021 கடைசியில் சாம்சங்கின் 4 நானோமீட்டர் முறையில் வந்தது. ஆறு மாதத்தில், 2022 மே மாதம், அதே கோர்களை டிஎஸ்எம்சியின் 4 நானோமீட்டருக்கு மாற்றி 8+ ஜென் 1 என்று குவால்காம் அறிவித்தது. பெரிய கோரின் வேகம் 3.0-லிருந்து 3.2 கிகாஹெர்ட்ஸ் ஆனது. அதோடு சிபியுவின் மின் செலவு 30 விழுக்காடு வரை குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. வடிவமும் ஒன்று, நானோமீட்டர் எண்ணும் ஒன்று, மாறியது கை மட்டும்தான். பழைய உயர்ரக போனைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இந்த '+' குறியை மறக்காமல் பாருங்கள்.

படி 5: நம் ஊர் வெயிலில் இந்தச் சிப் தாங்குமா?

சென்னைக்கோ பெங்களூருக்கோ எழுதப்படும் வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் முடித்துவிடும். சித்திரையில் பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது நமக்கு இதுதான் முதல் கேள்வி.

சிப்பின் மின் செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் துடிப்பு வேகத்துக்கும் ஏற்பக் கூடும். வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டி வரும். வேகத்தை 20 விழுக்காடு ஏற்ற மின்னழுத்தம் 10 விழுக்காடு கூடவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.1 × 1.1 × 1.2 என்று பெருக்கினால் 1.45 வருகிறது. கிடைத்த வேகம் 20, கொடுத்த மின்சாரம் 45. அந்த மின்சாரம் முழுதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது.

சாதாரண போனில் விசிறி இல்லை. முதுகுப் பக்கம் வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். தொடர்ந்து வெளியேற்ற முடிவது ஏறத்தாழ 3 முதல் 5 வாட். கையில் சுடக்கூடாது என்பதற்காகப் போனின் மேற்பரப்பை 43 டிகிரியை ஒட்டி நிறுத்தப் பார்ப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி ஏசி அறையில் போனுக்கும் காற்றுக்கும் வித்தியாசம் 18 டிகிரி. சூடு ஓட நல்ல சரிவு. 40 டிகிரி வெயில் நாளில் அதே வித்தியாசம் 3 டிகிரி. சரிவு ஆறில் ஒரு பங்காகிவிட்டது. சிப் என்ன செய்யும்? தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெட்டியில் போட்ட கிகாஹெர்ட்ஸ் அப்போது காணாமல் போய்விடும்.

நேர் வெயில் இன்னும் மோசம். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் கொட்டுகிறது. போனின் முகப்பு 16-க்கு 7.5 சென்டிமீட்டர், அதாவது 0.012 சதுர மீட்டர். ஆக வெயில் மட்டுமே 12 வாட். கறுப்புக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். சிப் தானாக உண்டாக்கும் சூட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு வெளியிலிருந்து ஏறுகிறது. நாகர்கோவில் நாலுவழிச் சாலையில் பைக் கைப்பிடியில் போனை மாட்டி, வழிகாட்டியும் சார்ஜும் ஒன்றாக ஓட விடுகிற தம்பிகளின் போன் திரை மங்கி, சார்ஜ் நின்றுபோவது இதனால்தான். பெரும்பாலும் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவே. மைனி மொட்டை மாடியில் அப்பளம் காய வைத்துக்கொண்டே பக்கத்திலேயே போனையும் வைத்துவிடுவார். அப்பளம் காய்கிற வெயில் பேட்டரியையும் காய வைக்கும் என்று சொன்னேன். இப்போது ஒரு துணிப்பையை மேலே போட்டு நிழலில் வைக்கிறார்.

சரி, வாங்குமுன் இதை எப்படிப் பார்ப்பது? முதலில், 6 நானோமீட்டர் அல்லது அதற்குக் கீழான முறையில் செய்த, நடுத்தர வேகச் சிப் நம் ஊருக்கு ஏற்றது. உச்ச வேகம் பெரிதாக இருக்கும் உயர்ரகச் சிப்பை மெல்லிய உடலுக்குள் அடைத்த போனைவிட இது மத்தியான வெயிலில் ஒரே சீராக ஓடும். அடுத்து, 3டிமார்க் செயலியில் ஒயில்ட் லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நிமிடச் சோதனையை 20 முறை தொடர்ந்து ஓட்டி, அவற்றில் மிகக் கூடிய மதிப்பெண்ணுக்கும் மிகக் குறைந்த மதிப்பெண்ணுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும். விமர்சனங்களில் இந்த விகிதத்தைத் தேடுங்கள். உச்ச மதிப்பெண்ணை நான் பார்ப்பதே இல்லை. நண்பரிடம் அதே போன் இருந்தால் மத்தியானம் 2 மணிக்கு, ஃபேன் மட்டும் ஓடுகிற அறையில், கவரோடு ஓட்டிப் பாருங்கள். அந்த விகிதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

படி 6: ஜிபியு

கேம் ஆடாதவர்கள் தாண்டிப் போகலாம். மாலி வகை என்றால் பெயரின் கடைசியில் எம்சி2, எம்சி4 என்று வரும் எண்தான் அதன் கோர்கள். ஜி99-ல் இருப்பது மாலி-ஜி57 எம்சி2, வீட்டு உபயோகத்துக்குப் போதும். குவால்காமின் அட்ரினோவில் பெயரை வைத்துக் கோர் எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே வரிசைக்குள் எண் பெரிதானால் பலமும் பெரிது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: ரேமும் ஸ்டோரேஜும் எந்த வகை?

8 ஜிபி, 128 ஜிபி என்ற அளவை எல்லோரும் பார்க்கிறார்கள். வகையை யாரும் கேட்பதில்லை. ஆனால் எந்த வகை ரேம், எந்த வகை ஸ்டோரேஜ் என்பதற்கு எல்லை போடுவது சிப்தான். ஜி99-ல் எல்பிடிடிஆர்4எக்ஸ் ரேம் போடலாம், அதன் வழியே நொடிக்குச் சுமார் 17 ஜிகாபைட் ஓடும். உயர்ரகச் சிப்களில் எல்பிடிடிஆர்5எக்ஸும் இரட்டிப்பு அகலப் பாதையும் சேர்ந்து 68 ஜிகாபைட் வரை போகும்.

ஸ்டோரேஜில்தான் கவனம் வேண்டும். இஎம்எம்சி 5.1 என்ற வகை நொடிக்கு அதிகபட்சம் 400 மெகாபைட். அதுவும் ஒரு நேரத்தில் படிக்கலாம் அல்லது எழுதலாம், இரண்டும் சேர்ந்து முடியாது. ஆற்றுக் குறுக்கே ஒற்றைவழித் தரைப்பாலம் மாதிரி, எதிரே வண்டி வந்தால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். யுஎஃப்எஸ் 2.2 என்ற வகையில் போகவும் வரவும் தனித்தனிப் பாதை, வேகமும் இரண்டு மடங்குக்கு மேல். ஜி99 இரண்டு வகையையும் ஏற்கும். அதனால் ஒரே ஜி99 சிப்போடு ஒரு போனில் இஎம்எம்சியும் இன்னொன்றில் யுஎஃப்எஸ்ஸும் இருக்கலாம். பின்னணியில் வாட்ஸ்அப் படங்கள் இறங்கும்போது முன்னால் செயலி உறைந்து நிற்பதற்கு இஎம்எம்சி முக்கியக் காரணம். கடைக்காரரிடம் "யுஎஃப்எஸ்ஸா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம் "8+8 ஜிபி ரேம்" என்ற விளம்பரம். இரண்டாவது 8 ரேமே இல்லை. ஸ்டோரேஜின் ஒரு பகுதியை ரேமுக்குப் பதிலாகப் பயன்படுத்துவது. அது ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. முதல் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள்.

படி 8: மோடமும் நம் மலையடிவாரமும்

இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. ஜி99 ஒரு 4ஜி சிப், அதில் 5ஜி கிடையாது. மைனிக்கு இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். 5ஜி வேண்டும் என்றால் அதே கோர் சேர்க்கையோடு, 2.2 கிகாஹெர்ட்ஸ் ஏ76 இரண்டும் ஏ55 ஆறுமாக, 5ஜி மோடமும் சேர்ந்த டைமென்சிட்டி 6020 போன்றவை உண்டு. அது 7 நானோமீட்டர்.

5ஜி என்ற எழுத்து மட்டும் போதாது, பேண்டையும், அதாவது எந்த அலைவரிசை என்பதையும் பாருங்கள். என்78 என்பது 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலை. வேகம் அதிகம், ஆனால் தூரம் குறைவு, சுவருக்குள் நுழையச் சிரமப்படும். ஜங்ஷன், டவுன், பாளை போன்ற நெருக்கமான இடங்களுக்கு அது சரி. என்28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ் அலை, தூரம் போகும், சுவரைத் தாண்டும். பாபநாசம், களக்காடு, திருக்குறுங்குடி என்று மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கும் ராதாபுரம், உவரிப் பக்கம் தள்ளித் தள்ளி வீடுள்ளவர்களுக்கும் 5ஜி போன் என்றால் இது இருப்பது நல்லது. சிப் ஒரு பேண்டை ஏற்றாலும், போன் செய்தவர் அதற்கான ஆன்டெனாவும் மற்ற பாகங்களும் வைக்காமல் விட்டிருக்கலாம். எனவே பேண்டுகளைச் சிப்பின் பக்கத்தில் பார்க்காமல் அந்த போனின் பட்டியலில் பாருங்கள்.

சிக்னல் மங்கிய இடத்தில் மோடம் கத்திப் பேசும், 200 மில்லிவாட் வரை. காரையாறு போய்வந்த அன்று பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது என்றால் சிபியுவைக் குற்றம் சொல்லாதீர்கள்.

இடம் காட்டும் வசதியிலும் நமக்குச் சொந்தமான ஒரு விஷயம் உண்டு. நாவிக் என்ற இந்தியச் செயற்கைக்கோள் முறையை ஏற்கும் ஸ்னாப்டிராகன் 720ஜி, 662, 460 சிப்கள் 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டன. அதற்குப் பிறகு பல சிப்களில் வந்துவிட்டது. நாவிக் செயற்கைக்கோள்களைத் தூக்கிச் சென்ற ராக்கெட்டுகளின் விகாஸ் எஞ்சின்களைச் சுட்டுச் சோதிப்பது நம் மாவட்டத்து மகேந்திரகிரியில். பட்டியலில் "நாவிக்", "எல்5" என்று இருந்தால், வழக்கமான அலையோடு எல்5 என்ற இரண்டாவது அலையையும் ஒப்பிட்டு இடம் கணிக்கும், குறுகிய தெருக்களில் புள்ளி தள்ளிப்போவது குறையும்.

படி 9: கேமராவின் எல்லையைச் சிப் போடுகிறது

கல்யாண வீடியோ எடுக்கும் என் அத்தான் 108 மெகாபிக்சல் போன் ஒன்றை வாங்குவதாக இருந்தார். அதில் ஸ்னாப்டிராகன் 695. நல்ல சிப்தான், ஏ78 கோர்கள், 6 நானோமீட்டர், சூடாகாது. ஆனால் அதன் ஐஎஸ்பி 4கே வீடியோ எடுக்காது, 1080பி 60 ஃபிரேமோடு நின்றுவிடும். முன்னால் எத்தனை மெகாபிக்சல் சென்சார் வைத்தாலும் இதை மாற்ற முடியாது. அவருக்கு 4கே இல்லாமல் தொழில் இல்லை, வேறு பார்த்தார். ஜி99-ல் 2கே 30 ஃபிரேம் வரை. மைனி எடுப்பது அப்பளத்தின் படமும் சின்னச் சின்ன வீடியோவும், அதற்கு இது தாராளம்.

என்பியுவுக்கு இத்தனை டாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குகள்) என்று ஒரு எண் போடுவார்கள். ஒருவர் 8 பிட் கணக்கில் சொல்வார், இன்னொருவர் 4 பிட் கணக்கில் சொல்வார். 4 பிட்டில் எண் தானாகவே பெரிதாகத் தெரியும். எந்தக் கணக்கு என்று எழுதாதவரை இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

படி 10: செகண்ட் ஹேண்ட் என்றால்

டெவ்செக்கைத் திறந்து கோர்களின் வேகம் ஓடுவதைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது பெரிய கோர்கள் அடங்கி இருக்க வேண்டும், செயலி திறக்கும் கணத்தில் உச்சத்துக்குத் தாவ வேண்டும். சும்மா இருக்கும்போதே எல்லாம் உச்சத்தில் நின்றால் பின்னணியில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. உச்சத்துக்கே போகவில்லை என்றால் பேட்டரி சேமிப்பு நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி சோதியுங்கள். கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம் என்றும் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால், பணம் அனுப்பும் வேலைக்கு அந்த போனை நான் சொல்ல மாட்டேன்.

கடைக்குப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் இதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: சிப்பின் முழுப் பெயர், ஏழு வரிசைக் கோர் எத்தனை, எத்தனை நானோமீட்டர், யார் செய்தது, யுஎஃப்எஸ்ஸா இஎம்எம்சியா, என்28 உண்டா. மைனியின் சீட்டில் ஜி99-க்கு நேரே இரண்டு, 6, டிஎஸ்எம்சி, யுஎஃப்எஸ் 2.2 என்று எழுதினேன். கடைசி இடத்தில் இல்லை என்று எழுதவேண்டியிருந்தது. கல்லிடையில் 4ஜி நன்றாகக் கிடைக்கிறது, அது போதும் என்று அவரே முடிவு செய்தார். ஜி35-க்கான சீட்டில் முதல் எண் பூஜ்யம், இரண்டாவது 12, ஸ்டோரேஜ் இஎம்எம்சி. மைனி இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 2.2 பெட்டியைக் கடைக்காரர் பக்கம் தள்ளி, "இதையே பில்லு போடுங்க" என்றார்.